கூமுனைக் காட்டின் இன்னொரு கரடி

பாணமையைத் தாண்டி, ஒக்கந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடப்பவர்கள் கரடிக்குப் பயப்படுவார்கள். காரணம் இருக்கிறது. கூமுனை என்று நம் ஆட்கள் சொல்லும் குமண தேசியப் பூங்காவில் கரடி உண்டு. யானையைவிட அதற்குத்தான் ஒதுங்க வேண்டும் என்பார்கள் காடு தெரிந்தவர்கள். அதே காட்டின் பாறைகளில் ஒட்டியிருக்கும் பாசிக்குள் வாழக்கூடிய இன்னொரு கரடி இருக்கிறது. அதற்கு எட்டுக் கால். நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரைத் தாண்டாது. தமிழில் நீர்க்கரடி என்கிறோம், விலங்கியலில் டார்டிகிரேட்.

அண்டவெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய பிராணி என்று இதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் கதைக்கும் வருவேன். ஆனால் எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிவது வேறொன்று: மட்டக்களப்பு, அம்பாறை மாதிரி வருடத்தில் பாதி மழையில்லாமல் கிடக்கும் நாட்டில், ஒரு காப்புக்காட்டுக்குள் இது எங்கெங்கே வாழும், ஏன் அங்கே மட்டும் வாழும் என்பது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

இது பக்டீரியா மாதிரி ஒரு கிருமி என்று நினைத்துவிட வேண்டாம். முழு விலங்கு. மூளை, தசை, குடல், முட்டை உண்டாகும் உறுப்பு எல்லாம் அந்த அரை மில்லிமீற்றருக்குள் இருக்கின்றன. இதயமும் நுரையீரலும் மட்டும் கிடையாது. உடல் அவ்வளவு சிறியது என்பதால் ஒட்சிசன் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். நான்கு சோடிக் கால்களின் நுனியிலும் நகங்கள் உண்டு. கடைசிச் சோடி பின்புறம் திரும்பியிருக்கும். பிடித்துத் தொங்குவதற்கு அதுதான் உதவும். வாய்க்குள் இரண்டு ஊசிகள். அவற்றால் பாசியின் கலத்தையோ ஒரு அல்காவையோ குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சிக் குடிக்கும். வளரும்போது தோலைக் கழற்றும். சில இனங்கள் அந்தக் கழற்றிய தோலுக்குள்ளேயே முட்டையிட்டுவிட்டுப் போகும். வேறு சில, முள்ளும் குமிழுமாக அலங்கரித்த முட்டைகளை வெளியே தனித்தனியாக இடும்.

1773இல் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், ஜோஹான் கெட்சே, இதைப் பார்த்துவிட்டுச் சின்ன நீர்க்கரடி என்று எழுதினார். சில ஆண்டுகளில் இத்தாலியரான ஸ்பலன்சானி, மெதுவாக நடப்பது என்ற பொருளில் டார்டிகிரேட் என்ற பெயரைக் கொடுத்தார். இன்று இது தனிக் கணமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பூச்சி, சிலந்தி, நண்டு எல்லாம் சேர்ந்த ஆத்திரப்போடாவுக்குத் தூரத்து உறவு. விவரிக்கப்பட்ட இனங்கள் 1,400ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு பெரும் பிரிவுகளுக்குள் அடங்கும். ஒன்றில் முதுகில் கவசத் தட்டுகள் கொண்டவை பல. எக்கினிஸ்கஸ் என்ற சாதி அதில் நன்கு தெரிந்தது, பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம். மற்றதில் உள்ளவை கவசமில்லாத மென்தோல்காரர்கள்.

அழியாத உயிரா?

பாசி காயத் தொடங்கியதும் அதற்குள் இருக்கும் நீர்க்கரடி கால்களை உள்ளே இழுத்து, உடலைச் சுருக்கி, பீப்பாய் வடிவத்துக்கு வந்துவிடும். உடலில் இருந்த நீர் ஏறக்குறைய எல்லாம் போய், சில சதவீதம் மட்டும் மிஞ்சும். சுவாசமோ செரிமானமோ வளர்ச்சியோ அளந்து காட்டக்கூடிய அளவில் நடப்பதில்லை. திரும்ப நனைந்தால், சில நிமிடங்களில் தொடங்கி சில மணித்தியாலங்களுக்குள் காலை நீட்டி நடந்துவிடும்.

கருவாட்டையும் தண்ணீரில் ஊறப்போடலாம். அது எழும்பி நீந்தப் போவதில்லை. வேறுபாடு கலங்களுக்குள் இருக்கிறது. சாதாரணமாக ஒரு கலம் காயும்போது உள்ளே இருக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், மென்சவ்வுகள் கிழியும். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பயனில்லை. மென்தோல் நீர்க்கரடிகளில் இதற்கென்றே தனிப் புரதங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீர் போகப் போக அவை முதலில் கூழாகி, பிறகு கண்ணாடி மாதிரி இறுகி, கலத்தின் உறுப்புகளை அந்தந்த இடத்திலேயே பிடித்து வைக்கின்றன. டிஎன்ஏயைச் சுற்றி நின்று காக்கும் வேறொரு புரதத்தை 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

2007இல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று காய்ந்த நீர்க்கரடிகளை விண்கலத்தில் ஏற்றி, 10 நாட்கள் திறந்த அண்டவெளியில் வைத்தது. வெற்றிடத்தை மட்டும் சந்தித்தவை பெரும்பாலும் தப்பின. சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் மிகச் சிலதான் மிஞ்சின. இன்னொரு சம்பவமும் புகழ்பெற்றது: 1983இல் அந்தாட்டிக்காவில் எடுத்து உறையவைத்த பாசியை 2014இல் உருக்கியபோது, உள்ளே இருந்த நீர்க்கரடி நடந்தது, பிறகு முட்டையும் இட்டது.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதை மட்டும் படித்தவர்கள் நீர்க்கரடியை எதற்கும் அசையாத வீரனாக நினைத்துக்கொள்கிறார்கள். நனைந்து நடமாடும் நீர்க்கரடி மிக மென்மையான பிராணி. டென்மார்க்கில் கூரைப் பீலியில் எடுத்த ஒரு இனத்தை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், நடமாடும் நிலையில் இருந்தவற்றை 24 மணித்தியாலம் 37.1 பாகை செல்சியஸில் வைத்தபோதே பாதி இறந்துபோயின. அதே இனம் காய்ந்து சுருண்ட நிலையில் ஒரு மணித்தியாலத்துக்கு 80 பாகையைத் தாண்டிய வெப்பத்தையும் பாதிக்குப் பாதி தாங்கியது. 37 பாகை நமக்கு ஒன்றும் புதிதில்லை. செங்கலடிப் பக்கம் ஓகஸ்ட் மத்தியானம் வெளியே நின்றால் தெரியும்.

ஆக, இந்தப் பிராணியின் வாழ்க்கையை இரண்டு கணக்காகப் பிரிக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் காலம் அதன் வயதில் அவ்வளவாகச் சேராது. உண்பது, வளர்வது, முட்டையிடுவது எல்லாம் நனைந்திருக்கும் மணித்தியாலங்களில்தான். சூழலியலாளர் ஒருவர் பாறை ஒன்றைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இங்கே பாசி வருடத்தில் எத்தனை மணித்தியாலம் ஈரமாக இருக்கும்? காயும்போது எவ்வளவு வேகமாகக் காயும்?

மாரியும் கச்சானும்

நம் பக்கத்தில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியில் தொடங்கி பெப்ரவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். மாரிக்காலப் பாசி நாட்கணக்கில் ஈரமாக இருக்கும், வெயிலும் கடுமையில்லை. நீர்க்கரடிக்கு இதுதான் கொழுத்த பருவம். பிறகு யூன், யூலையில் மேற்கே மலைகளைக் கடந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வரும் கச்சான் காற்று வீசும். உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்றில் பாசி விரல்பட்டால் நொறுங்கும்.

காய்ந்துபோவது பிரச்சினை இல்லை என்று சொன்னேன். பிரச்சினை காயும் வேகத்தில் இருக்கிறது. சுருண்டு கொள்வதற்கும் காப்புப் புரதங்கள் தம் வேலையைச் செய்வதற்கும் நேரம் வேண்டும். மெத்தென்று தடித்த பாசித் திட்டு மெதுவாகக் காயும். உள்ளே இருப்பவைக்கு நேரம் கிடைக்கும். வெறும் பாறையில் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது விரைவில் காயும்; தயாராகாதவை செத்துப்போகும். அதைவிடக் கெட்டது கோடை மத்தியானத்தில் வந்துபோகும் ஒரு சிறு தூறல். நனைத்து எழுப்பிவிடும். அடுத்த அரை மணித்தியாலத்தில் வெயில் பாறையைச் சுடவைக்கும். நனைந்த உடல், சூடான பாறை: அந்தச் சேர்க்கையைத்தான் அது தாங்காது. காய்ந்து கிடப்பதற்கும் விலை உண்டு. வெப்பமும் காற்றின் ஈரப்பதனும் கூடிய இடத்தில் நீண்ட காலம் கிடந்தால் டிஎன்ஏயில் சேதம் சேர்ந்துகொண்டே போகும். எழும்பியதும் முதல் வேலை அதைப் பழுதுபார்ப்பது. சேதம் அளவு மீறினால் எழும்பாது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். பாறையின் வடக்குப் பக்கத்தில்தான் பாசி செழிக்கும் என்று ஐரோப்பியக் கையேடுகளில் இருக்கும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானில். வடக்கு முகம் நிழல். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. கோடையின் நடுவில், யூன் மாதத்தில், நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அதனால் கடும் வறட்சியில் வெயில் வாங்குவது இங்கே வடக்கு முகம். கச்சான் அடிப்பதும் பின்னேர வெயில் விழுவதும் மேற்கு, தென்மேற்கு முகங்களில். குடும்பிமலைப் பக்கமோ புத்தங்கலப் பக்கமோ ஒரு பெரிய பாறையைப் பார்த்து, நீண்ட நேரம் ஈரம் தங்கும் இடம் எது என்று ஊகிக்கச் சொன்னால், நான் முதலில் கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்து வெடிப்புகளைக் காட்டுவேன். கையேட்டை அப்படியே நம்பிப் போனால் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

ஒரே காடு, வெவ்வேறு குடித்தனம்

காப்புக்காட்டுக்கு எல்லை போடும்போது யானையும் பறவையும்தான் மனதில் இருந்தன. கூமுனை 1938இல் பறவைச் சரணாலயமானது, 1970இல் யால கிழக்கு என்ற பெயரில் தேசியப் பூங்காவானது, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கல்லோயா 1954இல், சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக. லகுகல 1980இல், 1,554 ஹெக்டேயர்தான், ஆனால் குளத்துப் புல்லுக்கு வரும் யானைக்கூட்டத்தால் பெயர் பெற்றது. நீர்க்கரடியை யாரும் நினைக்கவில்லை. நினைக்காமலேயே அதற்குத் தேவையான ஒன்றைச் செய்துவிட்டார்கள்: பழைய மரம், உடைக்காத பாறை, கூட்டாத சருகு, கரை கட்டாத சேறு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் மிஞ்சியிருக்கின்றன.

இந்த ஒவ்வொன்றிலும் வாழ்பவை வேறு. பாறைப் பாசியிலும், பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழும் இலைக்கனிலும் அடிக்கடி நனைந்து காய்வதற்குப் பழகியவை இருக்கும். உலகெங்கும் இப்படிப்பட்ட இடங்களில் எக்கினிஸ்கஸ், ராமசோட்டியஸ், மில்னேசியம் போன்ற சாதிகள்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. மரப்பட்டையும் அப்படித்தான், ஆனால் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. கும்புக்கன் ஆற்றங்கரை மருதமரம் வழவழப்பான பட்டையை அடிக்கடி உதிர்க்கும். அதில் பாசி நிலைப்பது கஷ்டம். உள்ளே போனால் பாலை மரத்தின் கரடுமுரடான, வெடித்த பட்டை இலைக்கனுக்கு நல்ல பிடி. நீர்க்கரடியைத் தேடுபவர் அங்கேதான் நிற்க வேண்டும். மரத்தடிச் சருகும் மேல்மண்ணும் இன்னொரு உலகம். அங்கே ஈரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பாறையில் காணாத இனங்கள் அங்கே கிடைக்கும்.

குளத்திலும் வில்லிலும் இருப்பவை கதையையே மாற்றுகின்றன. கூமுனை வில்லு கும்புக்கன் ஆற்றிலிருந்து நீர் பெறும் சுமார் 200 ஹெக்டேயர் சதுப்பு. இப்படிப்பட்ட நன்னீரின் அடிச்சேற்றிலும் நீர்ச்செடிகளிலும் வாழும் நீர்க்கரடிகள் பெரும்பாலும் காய்வதைத் தாங்காதவை. எப்போதும் தண்ணீர் இருக்கும் இடத்துப் பிராணிக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. பாறையில் வெயில் காயும் தம் உறவினரைப் போல் இவற்றை எடுத்துக் காயவைத்தால் செத்துப்போகும். அண்டவெளிக் கதை எல்லா நீர்க்கரடிக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கடலிலும் உண்டு. பாட்டிலிப்பஸ் என்ற சாதி கடற்கரை மணலில், மணிகளுக்கு இடையிலுள்ள நீரில் வாழும். நகத்துக்குப் பதிலாக விரல் நுனிகளில் ஒட்டும் தட்டுகள். அலை புரட்டும் மணலில் பிடித்துக்கொள்ள. திருக்கோவில் கரையில் காலடியில் நெரிபடும் ஈரமணல் அதற்கேற்ற வீடு. அலைபடும் பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளுக்கிடையே எக்கினிஸ்கோய்டெஸ் என்பது வாழும். வற்றும்போது காயவேண்டிய இடம் என்பதால் இது கடலினமாக இருந்தும் காய்வதைத் தாங்கும். மட்டக்களப்பு வாவி மாதிரி உப்பும் நன்னீரும் மாறிமாறி வரும் இடத்தில் வாழ்வது இன்னும் கடினமான சோதனை.

எண்ணுவது எப்படி

பல்வகைமை என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒரு பாசித் திட்டில் எத்தனை இனம் என்பது ஒன்று. திட்டுக்குத் திட்டு எவ்வளவு வேறுபாடு என்பது மற்றது. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். பாறையில் 4 இனம், பட்டையில் 4, சருகில் 4. மூன்றிலும் அதே 4 என்றால் காட்டின் மொத்தம் 4தான். ஒன்றும் பொதுவாக இல்லை என்றால் 12. நீர்க்கரடிகளைப் பொறுத்தவரை ஒரு திட்டில் கிடைக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் சிறியது. காட்டின் செல்வம் இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. அதனால் பெரிய பரப்பளவு மட்டும் இருந்தால் போதாது. ஒரே மாதிரியான 100 ஹெக்டேயர் தேக்குத் தோட்டத்தைவிட, பாறையும் ஆறும் சருகும் குளமும் சேர்ந்த 10 ஹெக்டேயரில் அதிக இனங்களை எதிர்பார்க்கலாம்.

இதை நன்றாகக் காட்டிய இடம் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. அங்கே அறியப்பட்டிருந்த நீர்க்கரடி இனங்கள் முன்பு விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாசி, இலைக்கன், மண், சருகு, ஓடை என்று வாழிடம் வாரியாக முறையாகத் தேடிய பிறகு எண்ணிக்கை 70ஐத் தாண்டியது. பூங்கா மாறவில்லை, தேடும் முறைதான் மாறியது.

எண்ணுவதில் வேறு தலைவலிகளும் உண்டு. ஒரு திட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒரு சாண் தள்ளி அதே மாதிரிப் பாசியில் ஒன்றுகூட இருக்காது. ஒரே ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே இல்லை என்று எழுதக்கூடாது. இனம் பிரிப்பதற்கு நகத்தின் வடிவம், தொண்டைக்குள் இருக்கும் கடினத் துண்டுகள், முட்டையின் மேற்பரப்பு எல்லாம் வேண்டும். முன்பு மில்னேசியம் டார்டிகிரேடம் என்ற ஒரே இனம் உலகமெங்கும் இருப்பதாக நினைத்தார்கள். 2012இல் அதை ஊன்றிப் பார்த்து மறுபடி விவரித்தபோது, அந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெளிவானது. காற்று காய்ந்த நீர்க்கரடியைத் தூசியோடு தூக்கிப் போகும், சரிதான். எக்கினிஸ்கஸ் இனங்கள் பலவற்றில் பெண் மட்டும் இருந்தாலே இனம் பெருகும் என்பதால் ஒன்று போய் விழுந்தாலும் குடியேறலாம். இருந்தும் எல்லாம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

அதை எது தின்னும்?

சிலந்திப்பேன் வகைகள், வட்டப்புழுக்கள், பூச்சிகளின் குடம்பிகள், ஏன், சில பங்கசுகளும்கூட. மில்னேசியம் அடுத்த நீர்க்கரடியையே விழுங்கும். அதன் வயிற்றுக்குள், பாசியில் வாழும் இன்னொரு நுண்விலங்கான ரொட்டிபரின் தாடைகள் செரிக்காமல் கிடப்பதைப் பார்த்தே என்ன தின்றது என்று சொல்லலாம். பாசிக்குள் நடக்கும் இந்தத் தீன்போரில் பக்டீரியாவும் அல்காவும் மேலே உள்ள பிராணிகளுக்கு உணவாக மாறுகின்றன. நீர்க்கரடி இல்லாமல்போனால் காடு சரிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது மிகை. ஆனால் காற்றும் வாழிடமும் கெட்டால் இலைக்கன் குறையும், அதோடு இதன் இனங்களும் குறையும். கோடைத் தீயும் கல்லுடைப்பும் திட்டையே இல்லாமலாக்கிவிடும். கருகிய பாறையில் பாசி திரும்பத் தடிக்க வருடங்கள் எடுக்கும்.

நீங்களே பார்க்க

காப்புக்காட்டுக்குள் போய்ப் பாசியைச் சுரண்டாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் இருந்து எதையும் எடுத்துவர 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இடம் தராது. ஆய்வுக்கென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது தேவையுமில்லை. உங்கள் வளவின் மதில், கிணற்றுக் கட்டு, பழைய ஓட்டுக்கூரை போதும். கிணற்றடியில் காலை வழுக்கும் பச்சைப் படலத்தை விட்டுவிடுங்கள். குட்டிக் குட்டி இலைகளோடு மெத்தென்று வளரும் பாசிதான் வேண்டும்.

ஒரு ரூபாய்க் குற்றியளவு திட்டை மண்ணோடு பெயர்த்து, மழைநீரில் சில மணித்தியாலம் ஊறவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், வேண்டாம். பிறகு பாசியை அந்தத் தண்ணீருக்குள்ளேயே பிழிந்து, அடியில் படியும் வண்டலை ஒரு தட்டில் எடுத்து, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் 40 மடங்கில் பாருங்கள். துடித்து நெளிந்தால் வட்டப்புழு. அட்டை மாதிரி நீண்டு சுருங்கி நகர்ந்தால் ரொட்டிபர். எட்டுக் காலால் காற்றைத் துழாவி, எதையும் பிடிக்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தால் அதுதான் ஆள். கண்ணாடித்தட்டு வழுக்குவதால் அப்படி. ஒரு பாசித் துணுக்கைப் பக்கத்தில் வைத்தால் பிடித்து ஏறிவிடும்.

நுணுக்குக்காட்டி உடனே கிடைக்காவிட்டால் பாசியைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், புழுங்கி அழுகும். கடதாசி உறையில் போட்டு, நிழலில் மெதுவாகக் காயவிட்டு, எங்கே எடுத்தது, எந்தத் திசை முகம், வெயிலா நிழலா, திகதி என்ன என்று உறையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த தவணை ஆய்வுகூடம் திறக்கும்வரை அவை காத்திருக்கும்.